உங்கள் வெப்சைட்டைப் பார்த்தோம்

கோவையில் பம்புசெட், வெட் கிரைண்டர், மில் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனிகளுக்கு வெப்சைட் கட்டிக்கொடுத்துப் பராமரிப்பவர் ஒருவர் இருக்கிறார். டயல்-அப் காலத்தில் வந்தவர். சைட் திறக்கவில்லை, மெயில் வரவில்லை என்றால் முதலாளிகள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எல்லாம் ஒழுங்காக ஓடும்போதும் சில அழைப்புகள் வரும். அவற்றுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு மெயில் இருக்கும்.

அந்த மெயிலின் வாசகம் பல வருஷங்களாக அதிகம் மாறியதில்லை. உங்கள் வெப்சைட்டைப் பார்த்தோம், டிசைன் அருமை, ஆனால் கூகுள் முதல் பக்கத்தில் உங்களைக் காணவில்லை, சில பிழைகள் கண்ணில் பட்டன, இலவசமாக ரிப்போர்ட் அனுப்பட்டுமா? அதைப் படித்த முதலாளிக்கு வயிற்றைக் கலக்கும்.

"தம்பி, நம்ம சைட்டு கூகுள்லயே இல்லைங்கறானே ஒருத்தன். என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"அந்த மெயில்ல நம்ம பம்பு பேரு எங்கயாச்சும் வருதுங்களாண்ணா?"

சற்று நேரம் சத்தம் இருக்காது. முதலாளி படித்துப் பார்ப்பார். "இல்லியே தம்பி."

"அப்ப சைட்டை அவங்க தொறந்தே பாக்கலீங்ணா."

இருபது வருஷத்துக்கு மேல் இந்த ஒரு கேள்வியே போதுமானதாக இருந்தது. சைட்டைத் திறந்து பார்த்தவர் என்றால் அது தண்ணீர் இறைக்கும் மோட்டார் விற்கிற கம்பெனி என்றாவது எழுதியிருப்பார். பெயரையும் முகவரியையும் மட்டும் மாற்றிப் போட்டு ஆயிரக்கணக்கில் அனுப்பும் கடிதத்தில் அது இருக்க வழியில்லை.

இந்த வியாபாரத்தின் ஆரம்ப நாட்களை அவர் பார்த்திருக்கிறார். 1990களின் கடைசியில் கூகுள் இன்னும் புதுசு. ஆல்டாவிஸ்டா, லைகோஸ், யாஹூ டைரக்டரி என்று ஆளுக்கொன்றைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அன்று வந்த மெயில்கள் விற்றது 'சப்மிஷன்'. உங்கள் சைட்டை ஆயிரம் தேடுபொறிகளில் பதிவு செய்து தருகிறோம் என்பார்கள். மக்கள் உண்மையில் பயன்படுத்திய தேடுபொறிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் யாருமே போகாத பட்டியல் பக்கங்கள். பதிவு செய்த கையோடு, அந்தப் பட்டியல்களிலிருந்து எடுத்த முகவரிக்கு இன்னும் பத்துப் பேர் மெயில் எழுதுவார்கள்.

அடுத்து மெட்டா கீவேர்டு. பக்கத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நூறு சொற்களைத் திணித்துவைத்தால் மேலே வரலாம் என்று விற்றார்கள். அந்தக் குறியைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுப்பதே இல்லை என்று 2009 செப்டம்பரில் கூகுளே வெளிப்படையாக அறிவித்தது. அதற்குப் பின்னும் பல வருஷம், உங்கள் சைட்டில் மெட்டா கீவேர்டு இல்லை என்பதை ஒரு பெரும் குறையாகச் சொல்லும் ரிப்போர்ட்டுகள் அவர் மேஜைக்கு வந்துகொண்டிருந்தன.

உண்மையான சேதம் லிங்க் வியாபாரத்தில்தான் நடந்தது. ஒரு பக்கத்தை மற்ற சைட்டுகள் எத்தனை சுட்டுகின்றன, சுட்டுபவை எப்படிப்பட்டவை என்பதை வைத்து எடைபோடுவதுதான் கூகுளின் அடிப்படை யோசனை. 2000ஆம் ஆண்டு வந்த கூகுள் டூல்பாரில் பச்சைப் பட்டை ஒன்று இருந்தது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதன் பேஜ்ரேங்க் பத்துக்கு எத்தனை என்று காட்டும். கண்ணுக்குத் தெரியும் எண் வந்ததும் அதற்கு விலையும் வந்துவிட்டது. பிளாக்குகளின் பின்னூட்டங்களில் லிங்க் கொட்டுவது பெருகி, அதைத் தடுக்க 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்.எஸ்.என். மூன்றும் சேர்ந்து, இந்த லிங்க்கைக் கணக்கில் எடுக்காதே என்று சொல்லும் 'நோஃபாலோ' குறியை ஏற்றுக்கொண்டன. வியாபாரம் அதற்கும் அசையவில்லை. மாதம் இத்தனை ரூபாய்க்கு இத்தனை நூறு பேக்லிங்க் என்ற பேக்கேஜ் மெயில்கள் குவிந்தன.

பெரிய கம்பெனிகளும் இதில் சிக்கின. 2006 பிப்ரவரியில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. சைட்டை, தேடுபொறிக்கு ஒரு பக்கமும் ஆட்களுக்கு வேறு பக்கமும் காட்டியதற்காகக் கூகுள் தன் பட்டியலிலிருந்தே நீக்கியது. 2011 பிப்ரவரியில், சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான சைட்டுகள் ஜே.சி. பென்னி என்ற அமெரிக்கக் கடைத்தொடரைச் சுட்டிக்கொண்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. எத்தனையோ பொருட்களுக்கு முதலிடத்தில் நின்ற அந்தக் கடை கூகுளில் கிடுகிடுவென்று கீழே போனது. அவ்வளவு பெரிய நிறுவனம் எழுந்துவிடும். திருப்பூரில் நாற்பது தையல் மெஷின் வைத்திருப்பவர் என்ன செய்வார்?

2012 ஏப்ரல் 24 அன்று கூகுள் பென்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. செயற்கையாகச் சேர்த்த லிங்குகள்தான் அதன் குறி. சில வாரங்களில் திருப்பூரிலிருந்து ஒரு பனியன் ஏற்றுமதியாளர் அவரைத் தேடி வந்தார். இரண்டு வருஷம் முன்பு ஒரு மெயிலுக்குப் பதில் போட்டு, வடஇந்திய கம்பெனி ஒன்றிடம் மாதச் சந்தா கட்டி வந்தவர். மாதா மாதம் எக்செல் ஷீட் வரும், அதில் புது லிங்குகளின் பட்டியல் இருக்கும். தரவரிசையும் ஏறித்தான் இருந்தது. வெளிநாட்டிலிருந்து விசாரணைகள் வந்தன. பென்குவினுக்குப் பிறகு சொந்தக் கம்பெனிப் பெயரைத் தவிர வேறு எதைத் தேடினாலும் அவருடைய சைட் தெரியவில்லை. விற்றவரின் போன் எடுக்கப்படவில்லை.

அந்த எக்செல் ஷீட்டுகளை வைத்துக்கொண்டு இவர் உட்கார்ந்தார். ஒவ்வொரு லிங்க்காகத் திறந்தால், ரஷ்ய மொழி சைட் ஒன்றின் பின்னூட்டப் பகுதி. சூதாட்ட சைட்டின் அடியில் ஒரு வரி. யாரோ நாய் வளர்ப்பவர்களுக்காக நடத்திய மன்றத்தில் ஓர் உறுப்பினர் பக்கம். அந்த உறுப்பினர் அங்கே ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லா இடத்திலும் லிங்க்கின் மேல் எழுதியிருந்த சொற்கள் எழுத்து மாறாமல் ஒன்றே: பருத்தி டி-ஷர்ட் தயாரிப்பாளர், இந்தியா. உண்மையாகவே மனிதர்கள் லிங்க் கொடுத்தால் ஒருவர் கம்பெனிப் பெயரைப் போடுவார், ஒருவர் 'இங்கே பாருங்கள்' என்பார், இன்னொருவர் வெறும் முகவரியை ஒட்டுவார். அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாக இருப்பதே காட்டிக்கொடுக்கும். அதைக் கண்டுபிடிக்கக் கூகுளுக்கு மனிதக் கண் தேவைப்படவில்லை.

சுத்தம் செய்வது மாசக்கணக்கான வேலை. முதலில் ஒவ்வொரு சைட்டுக்காரருக்கும் லிங்க்கை எடுத்துவிடும்படி எழுத வேண்டும். பலர் பதிலே தரவில்லை. சில டைரக்டரிக்காரர்கள் எடுப்பதற்குக் காசு கேட்டார்கள். போடும்போது வாங்கியதைவிட அதிகம். 2012 அக்டோபரில் கூகுள் 'டிஸ்அவோ' கருவியைத் தந்தது. இந்தச் சைட்டுகளிலிருந்து வரும் லிங்க்கை என் கணக்கில் சேர்க்காதே என்று, வரிக்கொன்றாக டொமைன் பெயர் எழுதிய ஒரு டெக்ஸ்ட் ஃபைலை ஏற்ற வேண்டும். ஏற்றினார்கள். பலன் உடனே வரவில்லை. அந்த நாட்களில் பென்குவின் எப்போதாவதுதான் மறுகணக்குப் போடும். அதுவரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அந்த ஏற்றுமதியாளர் காத்திருந்த காலத்தில் இரண்டு உற்பத்தி லைனை மூடினார். லிங்க் விற்றவர் சந்தாவை வாங்கிக்கொண்டு போய்விட்டார், தண்டனை முழுவதும் சைட்டுக்காரர் தலையில் விழுந்தது. இந்த வியாபாரத்தின் மேல் இவருக்கு உள்ள கோபம் அங்கே பிறந்தது.

அதே நேரத்தில் வந்த மெயில்களைப் பார்த்தால் மனசு ஆறாது. நேற்றுவரை லிங்க் விற்றவர்கள் இன்று லிங்க் நீக்கும் சேவை விற்றார்கள். உங்கள் சைட்டுக்குக் கெட்ட லிங்குகளை அனுப்பிக் கீழே தள்ளிவிடுவோம், வேண்டாமென்றால் பணம் கட்டுங்கள் என்று மிரட்டியும் சில வந்தன.

மெயில் அனுப்புகிறவர்கள் யார் என்பது பின்னால்தான் அவருக்குத் துலங்கியது. அவரிடம் வேலைக்குச் சேர்ந்த ஒரு பையன், படிப்பு முடித்ததும் நொய்டாவில் அப்படியொரு கம்பெனியில் பி.டி.இ. என்ற பதவியில் இருந்தவன். பிசினஸ் டெவலப்மென்ட் எக்சிக்யூட்டிவ். வேலை இரவு ஷிப்ட். குறி அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா. கையில் சைட் முகவரிகளின் பட்டியலைக் கொடுப்பார்கள், ஓர் ஆங்கிலப் பெயரையும் வைத்துவிடுவார்கள். கடிதம் தயாராக இருக்கும். அவனுக்கு மாத டார்கெட், பதில்களின் எண்ணிக்கை. யாராவது 'விலை என்ன' என்று கேட்டுவிட்டால் அது லீட். உடனே சீனியர் கைக்குப் போய்விடும். சில இடங்களில் அந்த லீட்டை வேறு கம்பெனிக்கே விற்பார்கள். அதனால்தான் ஒரு பெயருக்குப் பதில் எழுதினால் வேறொரு பெயரிலிருந்து விலைப்பட்டியல் வருகிறது. "சைட்டைத் தொறந்து பாக்க நேரமே இருக்காது சார்" என்றான் அவன். டார்கெட் தவறினால் சம்பளத்தில் பிடிப்பார்கள். அவன்மேல் இவருக்குக் கோபம் வரவில்லை.

அவன் சொன்ன பிறகு மெயில்களில் பழகிப்போன அம்சங்களுக்கெல்லாம் காரணம் புரிந்தது. கூகுளில் முதலிடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் கம்பெனிக்குச் சொந்த வெப்சைட் முகவரி மெயிலில் இருக்காது. லிங்க் இருந்தால் ஸ்பேம் ஃபில்டர் பிடிக்கும், ஸ்பேம் என்று புகார் குவிந்தால் டொமைன் கெட்டுப்போகும். ஆகவே இலவச ஜிமெயில், அவுட்லுக் கணக்குகள். இரண்டு நாளில் 'என் மெயிலைப் பார்த்தீர்களா' என்று ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று. தலைப்பில் 'ரீ' என்று போட்டு, ஏற்கெனவே நடந்த உரையாடலின் தொடர்ச்சிபோலக் காட்டுவார்கள். 'வேண்டாம், நன்றி' என்று பதில் எழுதுவதும் தப்புத்தான். அந்த முகவரியின் பின்னால் படிக்கிற ஆள் இருக்கிறார் என்று ஆகிவிடும்.

ரிப்போர்ட் கேட்டு வாங்கியவர்களின் கதை தனி. சைட் முகவரியைக் கொடுத்தால் நிமிஷத்தில் வண்ண வண்ணமாக இருபது பக்க ரிப்போர்ட் கக்கும் சாப்ட்வேர்கள் உண்டு. மேலே எந்தக் கம்பெனியின் லோகோவையும் வைத்துக்கொள்ளலாம். படங்களுக்கு மாற்று வாசகம் இல்லை, தலைப்பு நீளம் அதிகம் என்று ஒவ்வொன்றையும் சிவப்பில் பிழையாக எண்ணும். எந்தச் சைட்டைப் போட்டாலும் சிவப்பு வரும். 'டி.ஏ.' என்று ஒரு மதிப்பெண்ணைக் காட்டிப் பயமுறுத்துவதும் வழக்கம். டொமைன் அத்தாரிட்டி என்பது மோஸ் என்ற தனியார் கம்பெனி உருவாக்கிய அளவுகோல். கூகுளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

உத்தரவாதமும் அப்படித்தான். யாரும் முதலிடத்துக்கு உறுதி தர முடியாது, தேடலில் மேலே கொண்டுவருவதாகக் கேட்காமலே மெயில் அனுப்பும் எஸ்.இ.ஓ. கம்பெனிகளிடம் கவனமாக இருங்கள் என்று கூகுள் தன் உதவிக் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. கூகுளுக்கே அப்படிப்பட்ட மெயில் வருகிறது என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். இவருடைய வாடிக்கையாளர் ஒருவருக்கு உத்தரவாதம் எழுத்துப்படி நிறைவேறியது. ஒப்பந்தத்தில் இருந்த பத்துக் கீவேர்டுகளும் முதல் பக்கம். எடுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் பொருளின் பெயர், குதிரைத்திறன், பேட்டை, ஊர், மாநிலம் எல்லாம் கோத்த எட்டு வார்த்தைத் தொடர். கூகுளின் கீவேர்டு பிளானரில் தேடியவர் எண்ணிக்கை பூஜ்யம்.

ஆனால் எல்லா மெயிலையும் தள்ளிவிடலாம் என்றும் அவர் சொல்வதில்லை. ஒருமுறை ஈரோட்டு மருத்துவமனை ஒன்றுக்கு வழக்கமான கடிதம் வந்தது. நிர்வாகி சிரித்துக்கொண்டே காட்டினார். இவர் பழக்கத்தில் கூகுளைத் திறந்து, 'சைட்' என்று ஆங்கிலத்தில் அடித்து முக்காற்புள்ளி வைத்து, இடம் விடாமல் டொமைன் பெயரைச் சேர்த்துத் தேடினார். கூகுள் எடுத்து வைத்திருக்கும் அந்தச் சைட்டின் பக்கங்களை இப்படித்தான் பார்ப்பது. ஒன்றுகூட வரவில்லை. புது டிசைன் செய்தவர், வேர்டுபிரஸ்ஸில் 'தேடுபொறிகள் இந்தச் சைட்டை எடுக்க வேண்டாம்' என்ற கட்டத்தில் வேலை நடக்கும்போது டிக் போட்டிருந்தார். திறப்பு விழாவுக்குப் பின் எடுக்க மறந்துவிட்டார். மெயில் எழுதியவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. எல்லாருக்கும் அனுப்பிய வாசகம் இங்கே மெய்யாகிவிட்டது. டிக்கை எடுத்தார்கள், சில வாரத்தில் பக்கங்கள் திரும்பின. அன்றிலிருந்து முதலாளி போன் செய்தால், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லுமுன் அவர் அந்தத் தேடலைச் செய்துவிடுகிறார். பத்து நொடிகூட ஆகாது.

அக்கவுன்ட்ஸ் பிரிவைக் குறிவைக்கும் கடிதங்கள் இதைவிட ஆபத்தானவை. டொமைன் காலாவதி அறிவிப்பு என்று தலைப்பு, சரியான டொமைன் பெயர், கடைசித் தேதி, கட்ட வேண்டிய தொகை. பில் மாதிரியே இருக்கும். அடியில் பொடி எழுத்தில், இது பில் அல்ல, தேடுபொறிப் பதிவுச் சேவைக்கான அழைப்பு என்று எழுதியிருக்கும். மில்களில் பில் கட்டுகிற அம்மா நாளைக்கு நூறு பில் பார்ப்பவர். தேதி முடிவதற்குள் கட்டிவிடுவார். இதற்கான விவரமெல்லாம் 'ஹூ-இஸ்' பதிவேட்டிலிருந்து போனது. டொமைன் வாங்கியவரின் பெயர், போன், மெயில் மூன்றும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி அதில் கிடந்தன. ஐரோப்பாவின் ஜி.டி.பி.ஆர். சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் பல டொமைன்களில் அந்த விவரங்கள் மறைக்கப்பட்டன. ஏற்கெனவே அள்ளிய பட்டியல்கள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

மெயிலுக்கு மசியாதவருக்குப் போன். கூகுளிலிருந்து பேசுகிறோம், உங்கள் கடை 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று காட்டப்போகிறது என்பார்கள். தன் பெயரில் ரோபோ அழைப்புகள் செய்ததாக ஒரு கலிபோர்னியா கம்பெனி மேல் கூகுள் 2015இல் வழக்கே போட்டது. 2018இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அதே மாதிரி அழைப்புகளுக்காக ஃபுளோரிடாக் கும்பல் ஒன்றின் மேல் நடவடிக்கை எடுத்தது. கோவையில் ஒரு பேக்கரிக்காரர் அப்படி வந்த போனை நம்பி ஓ.டி.பி.யைச் சொல்லி, கூகுள் மேப்பில் தன் கடையின் உரிமையையே இழந்தார். திரும்ப வாங்குவதற்குள் தீபாவளி ஆர்டர் சீசன் போய்விட்டது.

சட்டம் காப்பாற்றுமா என்று கேட்பவர்களிடம் அவர் உள்ளதைச் சொல்வார். அமெரிக்காவில் 2004இலிருந்து கேன்-ஸ்பேம் சட்டம் இருக்கிறது. ஏமாற்றும் தலைப்பு கூடாது, தபால் முகவரி தர வேண்டும், வேண்டாமென்றால் பத்து வேலை நாளுக்குள் நிறுத்த வேண்டும். கனடாவில் 2014இல் இன்னும் கடுமையான சட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் 2018 விதிகள் போனுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும்தான், மெயில் அதில் வராது. எரிச்சலூட்டும் மெயிலைப் பற்றிய வாசகம் ஐ.டி. சட்டத்தின் 66ஏ பிரிவுக்குள் இருந்தது. பேச்சுரிமையை நெரித்த அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று முழுவதுமாக ரத்து செய்தது சரியே. அதோடு இந்த வாசகமும் போய்விட்டது.

தடுப்புக்கு அவர் நம்புவது சின்னச் சின்ன ஏற்பாடுகளை. கான்டாக்ட் ஃபார்மில் ஆட்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் வைப்பார். மனிதர் அதை நிரப்ப முடியாது, கண்டதையெல்லாம் நிரப்பும் ரோபோ நிரப்பிவிடும், அந்த ஃபார்ம் குப்பைக்குப் போகும். டொமைன், ஹோஸ்டிங், கூகுளின் சர்ச் கன்சோல், கூகுள் மேப் கணக்கு நான்கும் முதலாளியின் சொந்த மெயிலில்தான் இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறார். வேலை செய்பவர்களுக்குத் தேவையான அனுமதி மட்டும் கொடுத்து, வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். அவருக்கும் அதே விதி.

2024 பிப்ரவரியில் ஜிமெயிலும் யாஹூவும் விதிகளை இறுக்கின. ஜிமெயிலைப் பொறுத்தவரை, நாளுக்கு ஐயாயிரத்துக்கு மேல் அனுப்புகிறவர் தன் டொமைனை முறையாகச் சான்று காட்ட வேண்டும், ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. அதற்கும் வழி கண்டார்கள். நூறு சிறு கணக்குகள், ஒவ்வொன்றிலும் நாளுக்குச் சில டஜன் மெயில்.

அவருடைய பழைய கேள்வி உடைந்தது இதற்குச் சற்று முன்னால். 2023 வாக்கில், பம்பின் பெயரையே எழுதும் மெயில்கள் வரத் தொடங்கின. மாடல் எண், விவசாயிகளுக்கான பக்கத்தில் உள்ள ஒரு வரி, கண்காட்சியில் எடுத்த படம் எல்லாவற்றையும் குறிப்பிட்டுப் பாராட்டு. சாட்ஜிபிடி போன்ற கருவிகளிடம் சைட்டைப் படிக்கக் கொடுத்து ஆளுக்கொரு கடிதம் எழுத வைக்கிறார்கள். விற்கும் சரக்கின் பெயரும் மாறியது: கூகுளில் முதலிடம் போய், ஏ.ஐ. பதில்களில் உங்கள் பெயரை வரவைக்கிறோம் என்கிறார்கள். எழுதியவர் சைட்டைப் பார்த்தாரா என்று மெயிலை வைத்து இனி யாரும் சொல்ல முடியாது. ஆகவே அவர் மெயிலை ஆராய்வதையே விட்டுவிட்டார். யார் என்ன எழுதியிருந்தாலும், முதலாளியோடு உட்கார்ந்து, கூகுளில் சைட் எப்படித் தெரிகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலைத் திறக்கிறார்.

போன வருஷம் ஒரு கிரைண்டர் கம்பெனியில் அப்பாவிடமிருந்து பொறுப்பை வாங்கியிருந்த பெண் அப்படியொரு மெயிலை அவருக்கு அனுப்பினார். கல் தயாரிப்பதைப் பற்றிய பக்கத்தை அது வெகுவாகப் புகழ்ந்திருந்தது. "அங்கிள், இவங்க நிஜமாவே படிச்சிருக்காங்க போல இருக்கே?" என்றார். இருவரும் சர்ச் கன்சோலில் அந்தச் சைட்டுக்கு மக்கள் எந்தச் சொற்களைத் தேடி வருகிறார்கள் என்று பார்த்தார்கள். கிரைண்டர் வாங்க நினைத்துத் தேடியவர்கள் குறைவு. ஏற்கெனவே வாங்கியவர்கள் பெல்ட் என்ன அளவு, டிரம் எங்கே கிடைக்கும், கல் தேய்ந்தால் மாற்றலாமா என்று தேடியிருந்தார்கள். தமிழிலும் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழிலும். சைட்டில் உதிரி பாகங்களுக்கு ஒரு பக்கம்கூட இல்லை. அந்த வாரமே அந்தப் பெண் ஸ்டோர்ஸில் இருந்த மூத்த ஃபிட்டரை உட்கார வைத்து, எந்த மாடலுக்கு எந்த பெல்ட் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். ஒவ்வொரு பெல்ட்டையும் ஸ்கேல் பக்கத்தில் வைத்து போட்டோ எடுத்தார்கள். இப்போது காரைக்குடியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் பெல்ட் கேட்டு போன் வருகிறது. விலை மாறும்போதெல்லாம் அந்தப் பக்கத்தை அந்தப் பெண்ணே திருத்திக்கொள்கிறார்.